"நான் பிரேரிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும். வங்கி வேலையில் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பின்னேரங்களில் டெனிஸ் விளையாடவும் நாலு பேரோடு கதைக்கவும் இங்குள்ள பழைய கிளப் ஒன்றில் சேர விருப்பம். அங்கே அங்கத்தவராக இருக்கும் ஒருவர் "நான் உம்மைப் பிரேரிக்கிறேன்" என்று சொல்லிப் படிவமும் தந்துவிட்டார். அதில் பிரேரிப்பவர் (பெயரை முன்மொழிபவர்), ஆமோதிப்பவர் (அதை வழிமொழிபவர்) என்று இரண்டு கையெழுத்து வேண்டும். பெயரை அறிவித்தல் பலகையில் போடுவார்களாம், பிறகு இரகசிய வாக்கெடுப்பாம். காசு கட்டிச் சேருகிற இடத்துக்கு இவ்வளவு எதற்கு, யாரோ ஒருவர் வேண்டாம் என்றால் என் மானம் என்ன ஆவது, மனைவிக்குத் தனியாக விண்ணப்பம் போடவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த ஊரில் ஒரு கிளப்பில் ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன். இருநூறுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் என் கையால் போயிருக்கும். நீங்கள் சொல்லும் கிளப்பின் யாப்பு, அதாவது அதன் விதிகளின் தொகுப்பு, எங்களுடையதிலிருந்து சிறு சிறு இடங்களில் மாறலாம், ஆனால் பாதை அநேகமாக எல்லா இடமும் ஒன்றுதான். ஒரு அங்கத்தவர் உங்களைப் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார். செயலாளர் படிவத்தைச் சரிபார்த்து உங்கள் பெயரைப் பலகையில் போடுவார். சில நாள் பெயர் அங்கே கிடக்கும். அதன்பிறகு நிர்வாகசபையோ, சில கிளப்புகளில் அங்கத்தவர் எல்லாருமோ வாக்களிப்பார்கள். தெரிவானால் கடிதம் வரும், அனுமதிக் கட்டணமும் சந்தாவும் கட்டி, பதிவேட்டில் கையெழுத்து வைத்தால் நீங்கள் அங்கத்தவர்.

இவ்வளவு எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு உடற்பயிற்சி நிலையத்துக்குப் போய்க் காசு கட்டினால் அன்றைக்கே உள்ளே விடுகிறார்கள். ஏனென்றால் அதற்கு ஒரு முதலாளி இருக்கிறார், நீங்கள் அவருடைய வாடிக்கையாளர். அங்கத்தவர் கிளப் என்பது அப்படியில்லை. அதற்கு முதலாளி கிடையாது. அந்த மேசை, கதிரை, வலை, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் சோடாப் போத்தல் எல்லாம் அங்கத்தவர் எல்லாருக்கும் கூட்டாகச் சொந்தம். 1882இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. உரிமம் இல்லாமல் அங்கத்தவருக்கு மது கொடுத்தது விற்பனையா என்பது கேள்வி. அது விற்பனை அல்ல, கூட்டுச் சொத்தில் ஒரு பங்கைப் பங்காளி ஒருவர் எடுத்துக்கொண்டதுதான் என்று நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கு நம் நாட்டில் கிளப்புக்கும் மது அனுமதிப்பத்திரம் வேண்டும், அது வேறு கதை. ஆனால் அந்தத் தீர்ப்பின் அடிப்படை இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள நன்றாக உதவும். நீங்கள் ஒரு கிளப்பில் சேரும்போது வாடிக்கையாளராக நுழையவில்லை, பங்காளியாக நுழைகிறீர்கள். ஒரு வளவுக்குப் புதிதாக ஒரு பங்காளி வருகிறார் என்றால் ஏற்கெனவே இருக்கும் பங்காளிகளைக் கேட்காமல் முடியுமா?

சட்டப்படி கிளப்புகள் சில வகையாக இருக்கும். சில இன்னும் வெறும் சங்கமாக, சொத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர் பெயரில் வைத்து நடக்கின்றன. சில 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருக்கின்றன. அப்படியானால் பங்கு என்று எதுவும் இல்லை, கம்பனியைக் கலைக்கும் நிலை வந்தால் ஒவ்வொரு அங்கத்தவரும் யாப்பில் சொன்ன ஒரு தொகையைத் தருவதாக ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான். எந்த வகை என்பதைச் சேரமுன் கேட்டுக்கொள்ளுங்கள். யாப்பின் பிரதி ஒன்றும் கேளுங்கள். கேட்டால் குறையாக நினைக்கமாட்டார்கள், நான் செயலாளராக இருந்தபோது யாப்பைக் கேட்டு வாசித்துவிட்டு வந்தவர்களைக் கண்டால் எனக்குப் பெரிய நிம்மதி.

இனி, இந்த முறை முழுவதும் தாங்கி நிற்கிற ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். அது நீங்கள் அல்ல, உங்களைப் பிரேரிப்பவர். பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். தன்னை நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று விண்ணப்பதாரர் நினைத்துக் கூசுகிறார். உண்மையில் நிர்வாகசபை மேசையில் படிவம் வந்தவுடன் எல்லாருடைய கண்ணும் முதலில் போகிற இடம் அந்தக் கையெழுத்துத்தான். "ஆர் பிரேரிச்சது?" என்பதுதான் முதல் கேள்வி. உங்களை அங்கே ஒருவருக்கும் தெரியாமல் இருக்கலாம். பிரேரித்தவரை எல்லாருக்கும் தெரியும். அவர் யாரையெல்லாம் முன்பு கூட்டிவந்தார், அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் தெரியும். உங்களுக்கு வரும் நம்பிக்கை அவருடைய கணக்கிலிருந்து எடுத்துத் தரப்படுவது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் அங்கத்தவர் ஒருவர், நல்ல மனிதர், கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்ட ஒருவருக்குப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டார். வந்தவரும் மரியாதையாகத்தான் இருந்தார். ஆனால் மாதக் கணக்கைக் கட்டுவது பிந்திப் பிந்திப் போனது. பிறகு ஒருநாள் மாற்றல் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டார். ஏழு மாதச் சாப்பாட்டுக் கணக்கும் சந்தாவும் நிலுவை. எங்கள் யாப்பில், முதல் இரண்டு வருடத்துக்குள் வரும் நிலுவைக்குப் பிரேரித்தவரும் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை அவரிடம் வாசித்துக் காட்டவேண்டிய வேலை எனக்கு. நான் தயங்கித் தயங்கி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துவந்து பார்த்து, "நாலு மாசத்தில தாறன், செயலாளர்" என்று மட்டும் சொன்னார். நாலாவது மாதம் கடைசித் தொகையைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்ததை இப்போதும் பார்க்கிறமாதிரி இருக்கிறது. அதன்பிறகும் அவர் ஆட்களைப் பிரேரித்தார். ஆனால் படிவம் கேட்டு வருகிறவரிடம், "ஒருக்கா வீட்டை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்" என்பார். அதுதான் சரியான முறை என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, அவசரமாகக் கையெழுத்து வாங்காதீர்கள். "நான் பிரேரிக்கிறேன்" என்றவர் உங்களை எவ்வளவு காலமாக அறிவார்? வங்கி மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பழகியது மட்டும் என்றால் போதாது. அதோடு நீங்கள் கடன் பிரிவில் வேலை செய்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்களிடம் கடன் விண்ணப்பம் வைத்திருப்பவர் உங்களைப் பிரேரிப்பது இரண்டு பேருக்கும் அழகில்லை. நிர்வாகசபையில் வியாபாரிகள் இருப்பார்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். விருந்தாளியாக நாலைந்து தடவை அவரோடு போய்வாருங்கள். விருந்தாளிகள் பதிவேட்டில் அவர் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்து வைப்பார், உங்கள் செலவு அவர் கணக்கில் விழும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அநேகமான கிளப்புகளில் ஒரே ஆளை மாதத்துக்கு இத்தனை தடவைதான் விருந்தாளியாகக் கொண்டுவரலாம் என்று வரம்பு இருக்கும், அதையும் மீறவேண்டாம்.

ஆமோதிப்பவர் விஷயம் சுருக்கம். அவர் பிரேரித்தவரின் நிழலாக இருக்கக்கூடாது. பிரேரித்தவரின் தம்பியோ அவருடைய கந்தோரில் வேலை செய்பவரோ ஆமோதித்தால் அது ஒரு கையெழுத்தின் பெறுமதிதான். உங்களை வேறு வழியாக அறிந்த ஒருவர் நல்லது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், கோயில் திருவிழா வேலையில், பந்தடிக்கிற இடத்தில் பழகினவராக இருக்கட்டும். யாப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சில கிளப்புகளில் நிர்வாகசபையில் இருப்பவர்கள் பிரேரிக்கவோ ஆமோதிக்கவோ முடியாது. இரண்டு பேரும் நிலுவை இல்லாதவர்களாக இருக்கவேண்டும் என்பது அநேகமாக எங்கும் உள்ள விதி. ஆமோதித்தவர் சந்தா கட்டாமல் இருந்ததால் மட்டும் திருப்பி அனுப்பப்பட்ட படிவங்களை நான் கண்டிருக்கிறேன்.

படிவத்தை நிரப்பும்போது எதையும் மறைக்கவேண்டாம். வேறு கிளப்பில் இருந்தீர்களா, எங்காவது விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டீர்களா என்று கேட்டால் உள்ளதை எழுதுங்கள். நிராகரிக்கப்பட்டது குற்றமில்லை. மறைத்தது பிறகு தெரியவந்தால் அங்கத்துவத்தையே இரத்துச் செய்ய அது போதும்.

அடுத்தது பலகை. எங்கள் கிளப்பில் நுழைந்தவுடன் இடதுபக்கச் சுவரில் பச்சைத் துணி ஒட்டிய பலகை. புதிய விண்ணப்பதாரரின் பெயர், தொழில், விலாசம், பிரேரித்தவர், ஆமோதித்தவர் என்று ஒரு தாளில் தட்டச்சுச் செய்து நான் அங்கே குத்துவேன். அதற்குக் கீழே ஒரு சிறு மேசையில் தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஒரு பக்கம். அவரை அறிந்த அங்கத்தவர்கள் அந்தப் பக்கத்தில் கையெழுத்து வைப்பார்கள். அது கட்டாயம் இல்லை, ஆனால் அந்தப் பக்கம்தான் எனக்கு எல்லாம் சொல்லும். முதல் வாரத்திலேயே பத்துப் பன்னிரண்டு கையெழுத்து, வெவ்வேறு மைநிறத்தில், வெவ்வேறு கோணத்தில், டெனிஸ் ஆடிவிட்டு ஈரக்கையோடு வைத்ததில் எழுத்துக் கரைந்தும் இருக்கும். அப்படியானவரைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. இரண்டு வாரமாகியும் பக்கம் வெறுமையாகக் கிடந்தால், ஆட்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போகிறார்கள் என்றால், ஏதோ இருக்கிறது. ஒன்றில் அவரை ஒருவருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் வைக்க மனமில்லை. எது என்று அறிந்துகொள்வது செயலாளரின் கடமை.

இந்தக் காத்திருப்புக் காலத்தை வீண் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு மது உரிமச் சட்டமே, கிளப்புக்கான சான்றிதழ் பெற விரும்பினால் ஒருவரைப் பிரேரித்ததற்கும் சேர்த்ததற்கும் இடையில் குறைந்தது இரண்டு நாளாவது போகவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. வாசலில் வைத்துப் பெயர் எழுதி உடனே உள்ளே விட்டால் அது கிளப் அல்ல, வெளியில் கிளப் என்று பெயர்ப்பலகை மாட்டிய மதுக்கடை. எங்கள் யாப்பில் பதினான்கு நாள். இதோடு சேர்த்து வயதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கமுடியாது. பல கிளப்புகள் முழு அங்கத்துவத்துக்கு 21 என்று வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் வாக்கெடுப்பு. எங்கள் கிளப்பில் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. முன்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை, துளையைச் சுற்றி உட்பக்கமாக ஒரு துணிக்குழாய். உள்ளே நடுவில் ஒரு தடுப்பு, வலப்பக்கம் ஆம், இடப்பக்கம் இல்லை. கீழே இரண்டு இழுப்பறைகள். வாக்களிப்பவர் ஒரு மரக்குண்டை எடுத்துக் கையை உள்ளே விட்டு வலமோ இடமோ போட்டுவிட்டு வெறுங்கையை வெளியே எடுப்பார். பக்கத்தில் நிற்பவருக்குத் தோள் அசைவதுகூடத் தெரியாது. வேறு இடங்களில் வெள்ளைக் குண்டு, கறுப்புக் குண்டு என்று இரண்டு நிறம் வைத்திருப்பார்கள், கறுப்பு விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பிற்காலத்தில் நாங்கள் கடதாசித் துண்டுக்கு மாறிவிட்டோம். ஆனாலும் பெட்டியைப் பாவித்த காலத்து ஒரு பழக்கத்தை நான் விடவில்லை. தொடங்குமுன் இரண்டு இழுப்பறையையும் உருவி, கவிழ்த்து, வெறுமை என்று எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் திரும்பப் பூட்டுவேன்.

எனக்கு அதைச் செய்யும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலம், 919லும் 921லும் வெட்டியது. ஊர் வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலையால் எடுத்தார்கள். அது வாக்கு அல்ல, சீட்டுக் குலுக்கல். ஆனால் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்கவேண்டும், ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கவேண்டும் என்று கல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக்கூடாது என்பதற்காக. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் பெயர் போடவே தகுதியில்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் நம்மவர் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். வாக்கு இரகசியமாக இருக்கவேண்டும், வாக்கை எடுக்கிற முறை பகிரங்கமாக இருக்கவேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் சண்டை வரும்.

எத்தனை "இல்லை" விழுந்தால் நிராகரிப்பு என்பது யாப்புக்கு யாப்பு வேறுபடும். ஒரே ஒரு குண்டு போதும் என்று வைத்திருந்த கிளப்புகள் உலகில் இருந்திருக்கின்றன. அது கொடுமை என்பது என் அபிப்பிராயம். ஒருவருடைய தனிப்பட்ட கோபத்துக்கு எல்லாருடைய விருப்பத்தையும் பலிகொடுப்பதாகிவிடும். எங்களுக்குப் பத்தில் ஒன்று. நிர்வாகசபையில் பதினொரு பேர் இருந்தால் இரண்டு "இல்லை" வேண்டும். ஒருவர் மட்டும் எதிர்த்தால் ஆள் உள்ளே வந்துவிடுவார்.

இரகசிய வாக்கின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடமாட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லாத இடத்தில் சாதி ஒளிந்துகொள்ளும், மதம் ஒளிந்துகொள்ளும், இனம் ஒளிந்துகொள்ளும். கிளப்புகளின் சரித்திரமே அதற்குச் சாட்சி. ஐரோப்பியர் கிளப்புகள் நம்மவரை வாசலுக்குள் விடாத காலத்தில்தான் சென்னையில் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் வந்தது, கொழும்பில் 1894இல் ஓரியண்ட் கிளப் வந்தது. திருகோணமலை மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர். இங்கே ஒரு கிளப்பின் பலகையில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெயர்கள் கலந்து வரவில்லை என்றால் அந்தக் கிளப்பில் ஏதோ பிழை இருக்கிறது. நான் செயலாளராக இருந்தபோது ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். ஒரு பெயருக்கு எதிர்ப்பு இருக்கும் என்று காதில் விழுந்தால், வாக்கெடுப்புக்கு முன் எதிர்ப்பவர் என்னிடம் தனியாக வந்து காரணம் சொல்லவேண்டும். காரணம் கடன், கைகலப்பு, நம்பிக்கைத் துரோகம் என்றால் கேட்டுக்கொள்வேன். "எங்கட ஆக்கள் இல்லை" என்ற மாதிரி இழுத்தால், "அதை நிர்வாகசபையில் வந்து சொல்லுங்கள், கூட்ட அறிக்கையில் எழுதுகிறேன்" என்பேன். ஒருவர்கூட வந்து சொன்னதில்லை.

உங்கள் மானம் பற்றிய கேள்விக்கு என் சொந்தத் தவறிலிருந்து பதில் சொல்கிறேன். செயலாளராகி முதல் வருடம். ஒருவருடைய பெயர் வாக்கெடுப்பில் தோற்றது. பிரேரித்தவர் கூட்டம் முடிந்த கையோடு என்னைப் பிடித்து, "எத்தனை விழுந்தது?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். மூன்று என்றேன். ஒரு எண்தானே என்று நினைத்தேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் கணக்குப் போட்டார், அன்று வந்தவர்கள் எத்தனை பேர், அதில் தன் ஆட்கள் எத்தனை பேர் என்று. மூன்று பேரைத் தானே முடிவுசெய்துகொண்டார். அந்த மூவரில் ஒருவர் உண்மையில் ஆதரவாக வாக்களித்தவர் என்று எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரியவந்தது. இரண்டு குடும்பம் ஆறு வருடம் ஒன்றுக்கொன்று நன்மை தின்மைக்குப் போகவில்லை. ஒரு செத்தவீட்டில்தான் திரும்பப் பேசினார்கள். அன்றிலிருந்து, தெரிவு அல்லது தெரிவில்லை என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் என் வாயிலிருந்து வந்ததில்லை. எண்ணிய துண்டுகளை அங்கேயே தலைவர் முன்னிலையில் கிழித்துவிடுவேன்.

நல்ல கிளப்பில் நிராகரிப்பு வரைக்கும் விடமாட்டார்கள். பக்கம் வெறுமையாகக் கிடந்தால் செயலாளர் பிரேரித்தவரைக் கூப்பிட்டு, "இப்போதைக்கு எடுத்துவிட்டால் நல்லது" என்பார். அவர் விண்ணப்பத்தை மீளப்பெறுவார். பலகையிலிருந்து தாளைக் கழற்றிவிடுவோம். மீளப்பெற்ற விண்ணப்பம் நிராகரிப்பாகக் கணக்கில் வராது, ஒரு வருடம் பொறுத்து, இன்னும் நாலுபேரோடு பழகிவிட்டு மறுபடி வரலாம். அப்படி வந்து, பிற்காலத்தில் தலைவராகவே இருந்தவர் எங்களிடம் உண்டு. ஆகவே உங்கள் பிரேரிப்பாளர் "கொஞ்சம் பொறுப்பம்" என்று சொன்னால் ஏன் எதற்கு என்று துருவாமல் சரி என்று சொல்லுங்கள்.

சட்டத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சமூகக் கிளப் ஒன்றில் என்னைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று கேட்க வெளியாளுக்குப் பொதுவாக உரிமை இல்லை, காரணம் சொல்லவும் கிளப்புக்குக் கடப்பாடு இல்லை. ஆனால் ஒருமுறை சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடும். உங்களை விலக்குவதென்றால் குற்றச்சாட்டை எழுத்தில் தரவேண்டும், உங்கள் பக்கத்தைக் கேட்கவேண்டும், யாப்பில் சொன்ன முறையில் தீர்மானிக்கவேண்டும். இல்லாவிட்டால் நீதிமன்றம் தலையிடும். உள்ளே விடும்போது இவ்வளவு யோசிப்பதற்கு இதுவும் காரணம், வெளியே அனுப்புவது லேசில்லை.

மனைவி விஷயம். மூன்று விதமாக இருக்கலாம். உங்கள் அங்கத்துவத்தோடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பாவனை உரிமை வரும், வாக்குரிமை வராது. அல்லது வாழ்க்கைத்துணை அங்கத்துவம் என்று ஒரு சிறு சந்தா இருக்கும். அல்லது அவர் தன் பெயரில் முழு அங்கத்தவராகலாம். முடிந்தால் மூன்றாவதைச் செய்யுங்கள். அவர் பட்மின்டன் விளையாடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள், தனக்கென்று ஒரு இடம் அங்கே இருக்கட்டும். இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் கிளப்பில் ஒருவர் காலமானபோது அவர் மனைவி, இருபத்தைந்து வருடம் பின்னேரங்களில் அந்த விறாந்தையில் இருந்தவர், அடுத்த நாளிலிருந்து சட்டப்படி அங்கே ஒன்றுமில்லை. கணவரின் அங்கத்துவம் அவரோடு போய்விட்டது. அவரை விருந்தாளிப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாசலில் வைத்துக் கேட்கவேண்டி வந்ததே, அந்த நாளை மறக்கமுடியாது. அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் யாப்பைத் திருத்தினோம். இப்போது துணையை இழந்தவர் பிரேரணையோ வாக்கெடுப்போ இல்லாமல் தன் பெயரில் தொடரலாம்.

பெண்களை அங்கத்தவராகச் சேர்க்கவே உலகத்தில் பெரிய பெரிய கிளப்புகள் எவ்வளவு காலம் எடுத்தன தெரியுமா? 1787இல் தொடங்கிய இலண்டன் எம்.சி.சி. கிரிக்கெட் கிளப் 1998இல்தான் வாக்களித்து ஏற்றது. ரோட்டரி இயக்கம் 1989இல். இலண்டன் கரிக் கிளப் 1831இல் தொடங்கியது, அதன் அங்கத்தவர்கள் பெண்களை ஏற்க வாக்களித்தது 2024 மே மாதம். உங்கள் மனைவியின் படிவத்தை வாங்கச் சிறிதும் தயங்கவேண்டாம்.

ரோட்டரி என்றதும் ஒன்று. ரோட்டரி, லயன்ஸ் மாதிரிச் சேவைக் கழகங்கள் வேறு வகை. அங்கே நீங்களாகப் போய் விண்ணப்பிப்பதைவிட, ஒரு அங்கத்தவர் உங்களை அழைப்பதுதான் வழமை. ரோட்டரியில் பழைய முறைப்படி ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர் என்று பார்த்துச் சேர்த்தார்கள். பெயரை அங்கத்தவருக்கு அறிவித்து ஏழு நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சேர்க்கிற முறை பல கழகங்களின் துணைவிதியில் உண்டு. உங்களுக்கு டெனிஸும் பின்னேரக் கதையும்தான் வேண்டும் என்றால் அது உங்களுக்கான இடமில்லை. அங்கே வேலை செய்ய வேண்டும், கூட்டத்துக்கு ஒழுங்காகப் போகவேண்டும்.

இன்னொரு வழியையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் மாற்றலில் வந்தவர், இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வேறு ஊர் போகலாம். திருகோணமலை எப்போதுமே அப்படியான ஊர். கச்சேரி, துறைமுகம், கடற்படை, சீனக்குடாவில் மாவு ஆலை, எண்ணெய்த் தாங்கிகள் என்று வந்துபோகிறவர்கள் நிறைய. அதனால் இங்கே தற்காலிக அங்கத்துவம் என்று ஒரு வகையைப் பல இடங்களில் வைத்திருப்பார்கள். அனுமதிக் கட்டணம் இல்லை அல்லது குறைவு, வாக்குரிமை இல்லை, குறிப்பிட்ட காலம் மட்டும். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் தங்கப் போகும் சுற்றுலாப் பயணிகூட ஒரு சிறு தொகை கட்டித் தற்காலிக அங்கத்தவராகத்தான் உள்ளே போகிறார். அதேபோல, மட்டக்களப்பிலோ கொழும்பிலோ நீங்கள் ஏற்கெனவே ஒரு கிளப்பில் அங்கத்தவர் என்றால், அந்தச் செயலாளரிடம் ஒரு அறிமுகக் கடிதம் வாங்கி வாருங்கள். இரண்டு கிளப்புக்கும் இடையில் பரஸ்பர ஒழுங்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. அனுமதிக் கட்டணம் ஒருமுறை கட்டினால் திரும்பி வராத காசு, இரண்டு வருடத்துக்காக அதைக் கட்டவேண்டுமா என்று கணக்குப் பாருங்கள். ஆனால் இந்த ஊரில் வீடு வாங்குகிற யோசனை இருந்தால் முழு அங்கத்துவத்துக்கே போடுங்கள், மாற்றலாகிப் போனாலும் வெளியூர் அங்கத்தவர் என்று மாற்றிக் குறைந்த சந்தாவில் பெயரை வைத்திருக்கலாம்.

தெரிவாகிக் கடிதம் வந்தால் அதில் ஒரு கடைசித் திகதி இருக்கும், அநேகமாக முப்பது நாள். அதற்குள் காசு கட்டாவிட்டால் தெரிவு தானாக இரத்தாகிவிடும், வங்கிக்காரராகிய உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. காசு கட்டியவுடன் உள்ளே போய் விளையாடலாம் என்றும் நினைக்காதீர்கள். பதிவேட்டில் கையெழுத்து வைத்த பிறகுதான் நீங்கள் அங்கத்தவர். முதல் நாள் தனியாகப் போகவேண்டாம். பிரேரித்தவரோடு போங்கள். அவர் மேசை மேசையாகக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துவார், பரிசாரகர்களின் பெயரையும் சொல்லித்தருவார், அவற்றைக் கட்டாயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமை செய்யவேண்டியது இரண்டு. படிவத்தில் ஆமோதிப்பவர் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, உங்களை வேறு வழியாக அறிந்த அங்கத்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். உங்கள் பிரேரிப்பாளருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, மனைவிக்கும் ஒரு படிவம் வேண்டும், அடுத்த நிர்வாகசபைக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். இரண்டு படிவமும் ஒன்றாகப் போனால் ஒரே நாளில் பலகைக்கு வரும்.